இல்லை என்று சொல்வது

பொன்னுக்குத் தனிக் குரல் கிடையாது.
சோடாப் பேணியின் திறப்பு வளையம் எப்படி முனகுமோ
அப்படித்தான் மோதிரமும் முனகும்.
ஆகையால் எல்லாவற்றையும் தோண்டுகிறேன்.

இன்று காலை மட்டும்
மூடிகள் பதினொன்று, தூண்டில் ஈயம் இரண்டு,
ஒரு சேலை ஊசி,
தலை தேய்ந்த பழைய சதம்,
துருவேறிய ரவைக்கோது ஒன்று.
கோதை மட்டும் தனிப் பையில் போட்டேன்.
பழக்கம்.

கசூரினாவில் கடல் கழுத்துக்கு வர
நெடுந்தூரம் நடக்கவேண்டும்.
நடக்கிறார்கள்.
தண்ணீரில் விரல் சுருங்கும்,
கனடாக்காரருக்கும் மானிப்பாய்க்காரருக்கும் ஒரேயளவு.
பிறகு எனக்குப் போன் வரும்:
"மிதிவெடி எடுத்த அக்காவோ?"

ஓம்.
முகமாலையில் ஏழு வருஷம்
முழங்காலில் நின்றே சம்பாதித்தவள்.
அங்கே சத்தம் கேட்டால் மூச்சை நிறுத்துவேன்.
இங்கே சத்தம் கேட்டால்
பின்னால் நிற்பவர்கள் கை தட்டுகிறார்கள்.
இன்னமும் என் கை பக்கவாட்டில்தான் மண்ணை அணுகுகிறது.
மேலிருந்து குத்தாது.

"மோதிரம் வெடிக்காது அக்கா"
என்று சிரித்தான் கபிலாஷ்.
கலியாணம் முடிந்து ஆறாம் நாள்.
தொலைந்தது யதுர்சிகாவின் மோதிரம்.
உள்பக்கம் தன் பெயர் வெட்டியிருக்கிறது என்றான்.
இங்கேதான், இல்லை இங்கே, என்று
காலால் கீறிக் கீறிக் காட்டினான் கடலோரம் முழுக்க.
அவள் சவுக்கு நிழலில்
செருப்பைக் கையில் பிடித்தபடி இருந்தாள்.

கயிறு கட்டினேன். ஒரு மீற்றர் அகலத்தில் ஓடை ஓடையாக.
ஈர உப்பு மணலில் மெசின் பொய் சொல்லும்;
கேட்டுக் கேட்டுக் கழிக்கவேண்டும்.
வெயில் ஏறியது.
கபிலாஷ் இளநீர் வாங்கப் போனான்.

நாலாவது ஓடை முடியும் இடம்,
தண்ணீருக்கு நாற்பது அடி இப்பால்,
சவுக்கு வேரின் இடுக்கு.
காய்ந்த மணல்.
அங்கே முனகியது.

விரலால் விலக்கினேன்.
தவறி விழுந்த பொருள் சரிந்து கிடக்கும்,
மணல் அதன்மேல் தன்பாட்டில் மூடும்.
இது நிமிர்ந்து நின்றது.
சுற்றிவர மண்
உள்ளங்கையால் அழுத்தப்பட்டிருந்தது.

விழுந்ததையும் வைத்ததையும் பிரித்தறியத்தான்
ஏழு வருஷம் எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

நிமிர்ந்தேன்.
யதுர்சிகா பக்கத்தில் நின்றாள்,
மருதாணி இன்னும் வெளிறாத பாதங்கள்.
அவள் கெஞ்சவில்லை, அழவில்லை.
"இல்லையெண்டு சொல்லுங்கோ" என்றாள்,
கடையில் சில்லறை கேட்கிற குரலில்.

பிள்ளை,
அந்தச் சொல்லின் எடை உனக்குத் தெரியாது.
ஒரு காணியைப் பார்த்து நான் இல்லை என்று கையெழுத்திட்டால்
அடுத்த மாரிக்கு அங்கே வெங்காயம் நடுவார்கள்,
ஆட்டுக்குட்டி துள்ளும்,
பள்ளிக்கூடச் சைக்கிள்கள் குறுக்கே பாயும்.
என் இல்லையை நம்பிக் கால் வைத்தவர்களில்
ஒருவருக்கும் கால் போனதில்லை.
அதை ஒரு மோதிரத்துக்காக நான் எப்படி உடைக்க?

ஆனால்
இருக்கிறது என்று சொன்னால்
யார் காலை எங்கே வைப்பார்கள்?

அவன் இளநீரோடு வருவது தெரிந்தது.
மணலை இழுத்து மூடினேன்.
வேரில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டினேன்,
முகமாலையில் கட்டுவதுபோல.

"இந்தத் துண்டு இன்னும் பார்த்து முடியேல்லைத் தம்பி."

அதில் பொய் ஏதும் இல்லை.
முடியாத நிலத்துக்குக் காசு வாங்குவதில்லை என்றேன்.
அவன் வற்புறுத்தினான். இளநீரை மட்டும் குடித்தேன்.

வியாழக்கிழமை அவன் விமானம் ஏறினான்.
அவளுக்கு விசா வர எட்டு மாதம் செல்லும் என்று
இளநீர்க்காரி சொன்னாள்.

துணி இரண்டு மழை கண்டுவிட்டது,
சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக ரோசாவாகிறது.
அந்த மரத்தடியால் போகும்போதெல்லாம்
மெசினை அணைத்துவிட்டு நடக்கிறேன்.