ஆறடி

பாசிக்குடா. விருந்தினர் காலைச் சாப்பாட்டில்.
புல்வெட்டி மெஷின் இன்னும் சூடாக் கிடக்கு.
யாரோ விட்டுப்போன கோல்ஃப் மட்டை என் கையில்,
குழிக்கு ஆறடி.

'இடப்பக்கம் போயிடாதே' என்றேன் பந்துக்கு.
அதுக்கு 'இடப்பக்கம்' மட்டும்தான் கேட்டது.

மறுகா வைத்தேன்.
மறுகாவும் இடம்.
வாழைச்சேனைக் கடைக் கொப்பிபோல
மனசு ஒவ்வொன்றையும் எழுதி வைக்குது:
செவ்வாய் நாலு, புதன் ஏழு,
ஓ.எல்லில் கணக்கு,
ஜெஸீலின் மோட்டார் சைக்கிளைச் சாய்த்தது.
அதுக்கும் இதுக்கும் என்ன? பதில் இல்லை.
எழுதுறது மட்டும் நிக்கல்ல.

"என்னகா, குழி உன்னைக் கடிக்குமா?"
குழாயைச் சுருட்டியபடி ஜெஸீல்.

குழி.
திங்கட்கிழமை நான்தானே வெட்டினேன்.
உருளையை இறக்கித் திருகி
மண்ணை வாளியில் போட்டது இந்தக் கைதான்.
உள்ளே ஈர மணல், ஒரு மட்டிச் சிப்பி,
வெள்ளைக் கிண்ணம்.
பயப்பட அதுக்குள்ள இடமே இல்லை.

பிடியைத் தளர்த்தினேன்.
கொப்பி திறந்துதான் கிடந்தது;
பார்க்கல்ல.
உப்புக்காற்று. வெட்டின புல் வாசம்.
தட்டினேன்.

உருண்டு, விளிம்பைத் தொட்டு,
வலப்பக்கமாய் விலகி நின்றது.

வலம்!
ஒரு மாசத்தில் முதல் தடவை.
சிரிப்பு வந்துட்டு.
ஜெஸீல், தண்ணியை ஒருக்கா நிப்பாட்டு,
இன்னும் ஒண்டு.