பிற

கட்டைவிரலால் அழுத்தினால் க்ளிக் என்று ஓர் எண் கூடும்
அந்தக் கருவியை நகராட்சி தந்தது. கூடவே ஒரு படிவம்:
கார், பேருந்து, லாரி, மர்ஷ்ருத்கா வேன்,
அவற்றுக்கெல்லாம் கீழே
மாடுகளைச் சொல்வதுபோல, கால்நடை.
போகும் காரணம்: வேலை, பிற.

திபிலிசியில் ஆற்றோரப் பெருஞ்சாலை.
எட்டுத் தடம், நடுவில் மார்பளவு கம்பிவேலி.
நடப்பவர் கடக்க ஒரே வழி, தரைக்கு அடியில்.

காலை எட்டேகால். தள்ளுவண்டியோடு மாக்வாலா.
(மூன்றாம் நாள் அவளே பெயர் சொன்னாள்.)
படிகளின் மேல் இரண்டு இரும்புத் தண்டவாளம்,
குழந்தை வண்டி இறங்குவதற்காம்.
அந்த அகலத்தில் சக்கரம் வைத்த வண்டி
இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை.
வரைந்தவர் வீட்டில் கேட்டிருக்கலாம்.
முன்பக்கம் அவள் தூக்க
பின்பக்கம் யாரோ ஒரு பள்ளிக்கூடப் பையன் பிடிக்க
முப்பத்தோரு படி.
க்ளிக்.

காப்பகம், அங்கிருந்து மருந்துக்கடை,
மாமியாருக்கு இன்சுலின், தையற்கூடத்தில் ஆறு மணி நேரம்,
வரும் வழியில் சூடாக ஒரு ஷோத்தி ரொட்டி,
நுனியைப் பிய்த்துத் தின்றபடி மறுபடி காப்பகம்.
படிவம் கேட்பதோ
புறப்பட்ட இடம், சேர்ந்த இடம்.
அவளுடைய நாள் பூனை உருட்டிய நூல்கண்டு.
எழுதினேன், ஒரு பக்கம் முழுக்க
பிற, பிற, பிற.

எதிர்ப்புறம் எண்ணுகிற கோச்சா
மதியத்துக்குள் இரண்டு முறை சுவருக்குப் பின்னால் போய் வந்தான்.
நான் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை.
எங்களுக்குத் தந்த பொருள் பட்டியலில்
தொப்பி இருந்தது, குடை இருந்தது.

கடைசிக் கட்டம், விதிமீறல்: சாலையின் குறுக்கே ஓடுவோர்.
பகலில் ஆண்கள், இரண்டோ மூன்றோ.
இருட்டினால் பெண்கள். விரல் வலிக்குமளவு பெண்கள்.
கீழே ஐந்து விளக்கில் ஒன்று எரிகிறது,
அதுவும் அரைமனதாக.

மேற்பார்வையாளர் தெமூர் எண்ணிக்கையைப் பார்த்து உச்சுக் கொட்டினார்:
"நம் பெண்களுக்குச் சாலை ஒழுங்கே இல்லை.
வேலியை உயர்த்தச் சொல்லி எழுதுவோம்."
"ஒரு பல்பு என்ன விலை?" என்றேன்.
என் வீட்டுக்கு என்று நினைத்து
தம்பி கடையில் மலிவு என்றார்.

பத்தரை மணி. என் பேருந்து அந்தப் பக்கம்.
படி இறங்கினேன்.
ஒன்பதாவது படியில் நின்றேன்:
ஆழத்தில் ஒரு சிகரெட் நெருப்பு, அசையாமல்.
யாரோ நல்லவராகவே இருக்கலாம்.
ஏறிவிட்டேன்.

நான்கு தடம் ஓடி, பாவாடையைச் சுருட்டிக்கொண்டு
வேலியில் ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே.
லாரிக்காரன் ஹார்னில் என் அம்மாவைத் திட்டிக்கொண்டு போனான்.
அப்போது பக்கத்தில் இன்னொருத்தி,
செருப்பைக் கையில் எடுத்தவள்,
"கொஞ்சம் பிடியேன்" என்று பையை நீட்டினாள்.
உருளைக்கிழங்கு. நல்ல கனம்.
அவள் ஏறி இறங்கும்வரை பிடித்திருந்தேன்.
பிறகுதான் கருவியை எடுத்து அழுத்தினேன்,
இரண்டு முறை.