மாதிரி இலக்கம் பதினேழு

உட்துறைமுக வீதி. காலை ஐந்தேகால்.
பஸ் நிலைய வளைவில் குந்தியிருந்து
சோக்கால் ஒரு சதுர மீற்றர் கீறி
சின்னத் தூரிகையால் தூசு கூட்டுகிறேன்.
"தங்கச்சி, தோடு விழுந்திட்டுதோ?"
மூதூர் பஸ்காரன் கேட்கிறான்.

கோட்டைப் பக்கமிருந்து இறங்கிவந்த மானொன்று
ரோல்ஸ் சுற்றிய தாளை நக்குகிறது.
எண்ணெயும் அச்சுமையும் அதன் நாக்கில்.

நகரசபை மஞ்சள் அங்கியோடு தவமலரக்கா
ஈர்க்குமாற்றை ஊன்றி நின்று
என் பொட்டலத்தைப் பார்க்கிறா.
"இவ்வளவு போதுமே உங்களுக்கு?
மிச்சத்தைத்தான் நான்
பத்தொன்பது வருசமாய் இருமிறன்."

ஆய்வுகூடத்தில் சல்லடை.
மேலே தங்குவது மணல், கண்ணாடித் துண்டு,
லொத்தர்ச் சீட்டின் சுரண்டல், மல்லிகைக் காம்பு.
கீழே இறங்குவது
இறங்குவதே தெரியாத ஒன்று.
கச்சான் அடித்தால்
கதவைச் சாத்தினாலும் சோற்றில் இருக்குமே, அது.

மூசையில் இட்டு
ஐந்நூற்றைம்பது பாகையில் நாலு மணித்தியாலம்.
ஆறவிட்டு நிறுத்தால் குறைந்திருக்கிறது.
குறைந்ததைச் சேதனம் என்று எழுதவேண்டும்:
வாகைச் சருகு, மயிர், மாட்டுச் சாணம்,
தேய்ந்த டயர், யாரோ ஒருவரின் தோல்.
ஒன்பது தசம் மூன்று வீதம்.
எரியாமல் கிடப்பது அசேதனம்.
செப்பு, கட்மியம்,
சந்திக்குச் சந்தி ஊர்ந்துவந்த நாகம்,
ஈயம்.

ஈயம் ஏன் இவ்வளவு என்று சேர் கேட்டார்.
பழைய பெற்றோல், என்றேன்.
நிறுத்தி எத்தனை காலம், என்றார்.
சோதனைச்சாவடி வரிசையில்
அணைக்காமல் நின்ற எஞ்சின்கள், என்றேன்.
வேறு?
ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.
"மூலம்: கலப்பு" என்று எழுதச் சொன்னார்.

மக்கிய சருகுதான் ஈயத்தைப் பிடித்து வைத்திருக்கிறதாம்.
விடாதாம் லேசில்.
மார்கழி வெள்ளம் இரண்டையும் சேர்த்தே
கானுக்குள் இழுத்துப்போய்
கடலில் விடும்.
அங்கே வலை வைத்திருப்பவர்களிடம்
நான் இன்னும் மாதிரி கேட்கவில்லை.

படிவத்தில் "குறிப்பு" என்றொரு நிரல்.
"கூட்டப்படும் வீதி" என்று நிரப்பினேன்.
யார் கூட்டுவது என்பதற்குக் கட்டம் இல்லை.
இருமலைச் சேதனத்தில் சேர்ப்பதா, மற்றதிலா
என்பதற்கும் இல்லை.

மறுகிழமை போனேன்.
வீதி முழுக்கக் கூட்டிக் கிடந்தது,
என் சோக்குச் சதுரத்தைத் தவிர.
எனக்கென்று விட்டிருக்கிறா.
அதன் நட்டநடுவில்
எந்தப் பிரயாணியோ துப்பிய வெற்றிலை,
இன்னும் ஈரமாய்.

மாதிரி பழுது.
என்றாலும்
விளிம்பிலிருந்து கொஞ்சம் எடுத்தேன்.