ஆள் குரல் வேண்டாம்

ஒட்டுசுட்டானில் என் ஸ்டூடியோ.
சாமத்தியவீடு, பாஸ்போர்ட் படம், லேமினேட்டிங்.
போன மார்கழி நிரூபன் பாரிசிலிருந்து எடுத்தான்:
"அக்கா, படம் எடுத்து முடிஞ்சுது.
வன்னிச் சத்தம் கொஞ்சம் வேணும்."

சத்தம் மட்டும்தான்.
வன்னியை அங்கேயே எடுத்துவிட்டார்கள்.
நிதி தரும் காரியாலயத்தின் சட்டம் அப்படியாம்,
தந்த நூறில் எண்பது
அந்த மண்ணிலேயே செலவழிய வேணும்.
சோளக்காடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து
கணினியில் பனை நட்டார்கள்.
மிச்சக் காசு நிரூபனின் சீட்டு,
அவனோடு கோப்பை கழுவும் இரண்டு பேரின் சீட்டு,
பிறகு ஒரு நகைக்கடைக்காரர்,
தன் கடைப்பலகை ஒரு காட்சியிலாவது வர வேணும் என்று.

கடிதத்தில் இருந்தது:
வெளிப்புறம். இரவு. குளக்கட்டு. மூன்று நிமிடம்.
ஆள் குரல் வேண்டாம்.

முத்தையன்கட்டில் அப்படி ஒரு இரவு
லேசில் கிடைக்காது.
பதினொரு மணிக்கு மணல் டிப்பர்.
பன்னிரண்டுக்கு இன்னொன்று.
கதை நடப்பது தொண்ணூற்றேழில், அப்போது டிப்பர் ஏது,
திரும்ப எடுங்கோ அக்கா.
மூன்றாம் இரவு தவளைகள் ஒத்துவந்தன.
மைக்குக்குக் கம்பளித் தொப்பி போட்டு
மூச்சை வாயால் விட்டுக்கொண்டிருந்தேன்.
இரண்டாவது நிமிடம் முடிகிற நேரம்
பரஞ்சோதியண்ணை தன் வயலில் யானைவெடி போட்டார்.

அதையும் அனுப்பினேன், பெயரும் எழுதி: யானைவெடி.
விடிய முன்னம் பதில்:
"ஐயோ அக்கா, இதுதான் ஷெல்!"
ஷெல் இப்படி வெடிக்காது என்று எழுதி
அழித்தேன்.
எப்படி வெடிக்கும் என்று கேட்டிருப்பான்.

நூற்றைம்பது யூரோ.
பற்றுச்சீட்டுக் கேட்டார்கள், என்னிடம் கம்பனிப் பதிவு இல்லை.
கடைசியில் அவன் மாமி அனுப்பினா, வெஸ்டர்ன் யூனியனில்.
காரணம்: குடும்ப உதவி.

படம் அங்கே ஓடியது ஒரு ஞாயிறு, ஒரு காட்சி.
மண்டபத்தில் மதியம் கலியாணம், ஆறு மணிக்குத் திரை.
டிக்கெட்டை மரக்கறிக் கடையில்
முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் வைத்து விற்றார்களாம்.
பிறகு ஒரு விழா, கீழே இரண்டு மொழியில் எழுத்து.
வெடிச் சத்தத்துக்கு முன்வரிசை அழுததென்று
நிரூபன் குரல்பதிவு அனுப்பினான்,
அவன் குரலும் சரியில்லை.

விநியோகக்காரரின் பட்டியலில்
நாங்கள் "ஏனைய நாடுகள்".
எனக்கு ஒரு லிங்க், ஒரு கடவுச்சொல், நாற்பத்தெட்டு மணித்தியாலம்.
அதில் நாற்பது, சிக்னல் தேடிப் போச்சு.

கடைக்கு முன்னால் ட்ராக்டர் பெட்டியில் இருந்து
பரஞ்சோதியண்ணையும் பார்த்தார்.
சோளத்தைக் கண்டதும் "பசளை கூடிப்போச்சு" என்றார்.
வெடி வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி ஓடினாள்.
அவர் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.
"அண்டைக்கு மூண்டு யானை,
ஒண்டு குட்டி. திரும்பிப் பாத்துப் பாத்துத்தான் போனது."

பிறகு போனை என் கையிலிருந்து வாங்கி
பெருவிரலால் பின்னுக்கு இழுத்தார்,
வெடிக்கு முந்தின தவளைகளுக்கு.