ஆளுக்கொரு உப்பு

கடவுச்சொல் மறந்தவருக்குப் போகும் ஓடிபி
பத்து நிமிடத்தில் காலாவதி என்று
நான்தான் எழுதினேன்,
காசிமேட்டில், ஐஸ் உடைக்கும் மெஷினுக்கு மேல்மாடியில்,
மேஜை அதிர அதிர.
தேசப்பனின் விசைப்படகு கரை திரும்பப்
பதினோரு நாள் ஆகும் என்பது
அப்போது நினைவில் இல்லை.

'உங்கள் தாயாரின் பெயர் என்ன?' என்ற கேள்வியை
முதல் வாரமே தூக்கிவிட்டேன்.
ஏலத்தில் சண்டை வந்தால்
முதலில் வெளியே வருவது அந்தப் பெயர்தான்.

அஞ்சலாட்சி வந்தபோது
ஐந்து முறை தப்பாக அடித்துக் கணக்கு பூட்டியிருந்தது.
ஐஸ்காரன் அறுபது பார் என்கிறான்.
ஏற்றினது நாற்பது, அவள் நின்று எண்ணியிருக்கிறாள்.
சீட்டு உள்ளே இருக்கிறது.
ஓடிபி போன இடம்
சிக்னல் எட்டாத கடலில்
பாலித்தீன் உறைக்குள் ஒரு போன்.

"நீதானே கட்ன, அவரு இன்னா வச்சிக்கிறாருன்னு
பாத்து சொல்லேன்."

எனக்குத் தெரியாதுக்கா என்றேன். நம்பவில்லை.
திரையைத் திருப்பி அந்த வரியைக் காட்டினேன்:
அறுபது எழுத்து, வாயில் நுழையாதது.
மீன்தூள் மாதிரி. அரைத்த பிறகு
வஞ்சிரமா காரப்பொடியா, யார் சொல்வது?
உப்பு வேறு போட்டிருக்கிறது, ஆளுக்கொரு உப்பு.
ரெண்டு பேர் ஒரே மீனைக் கொடுத்தாலும்
ஒரே தூள் வராது.

கருவாட்டுக்காரி அவள். உற்றுப் பார்த்தாள்.
"அப்ப தப்புன்னு மட்டும் எப்டி தெர்து அதுக்கு?"

மறுபடி அரைச்சுப் பாக்கும்க்கா.

கீழே மெஷின் நின்றது. கரண்ட் போச்சு.
லேப்டாப்பில் நாற்பது சதவீதம்.
படகுக்கு ஒரே ஆள் என்று அட்டவணை கட்டியிருந்தேன்;
டீசலுக்கு அடகு போன வளையல் யாருடையது என்று
எந்தக் கட்டத்திலும் கேட்கவில்லை.
சங்கத்துப் புத்தகத்தில் அவள் கையெழுத்து இருந்தது.
செயலாளர் போனில் 'சேத்துக்கோ' என்றார்.
இரண்டாவது ஆளுக்கு இடம் போட்டேன்:
அவள் பெயர், அவள் எண்.

அவள் அடிக்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள், நகரவேயில்லை.
பதினான்கு தட்டல் கேட்டது.
பிறகு ஒன்று, அழிப்பது போல.
பிறகு இன்னும் மூன்று.

பன்னிரண்டாம் நாள் தேசப்பன் மாடியேறி வந்தார்,
கண்ணெல்லாம் சிவந்து.
கரைக்குக் கிட்டே வந்ததும்
செத்துப்போன ஓடிபிகள் ஏழும்
ஒரே மூச்சில் வந்து விழுந்தனவாம்.
அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"அவ இன்னா வச்சிக்கிறா?"

திரையைத் திருப்பித்
தூளைக் காட்டினேன்.