எட்டாயிரம் ஹெர்ட்ஸ்

எழும்பூரில், மூன்றாம் மாடியில்
சுவரெல்லாம் பஞ்சு பொதிந்த என் அறை.
கதவைச் சாத்தினால்
பூந்தமல்லி நெடுஞ்சாலை செத்துப்போகும்.

விளையாட்டு இதுதான்:
சத்தம் கேட்டால் ஒரு கட்டையை டப்பாவில் போடு.
கட்டைக் குரலில் தொடங்கி
கீச்சுக்குப் போவேன்.

காசிமேட்டு அல்போன்ஸுக்கு அப்போது நாலு வயது.
பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு
வருகிற ஈரல் கட்டி.
சிஸ்பிளாட்டின் கட்டியைக் கரைத்தது,
கூடவே
காதின் நத்தைக்குள் இருந்த நுண்மயிர்களையும்.
ஆறாவது சைக்கிள் முடிந்து வந்தவன்
மஞ்சள் கட்டையைப் பிடித்தபடி
என் உதட்டையே பார்த்தான்.
நான் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன்.
கட்டை கையிலேயே இருந்தது.

உயிர் இருக்கே, அது போதும் என்றார் அவன் அப்பா.
அன்றைக்கு நாங்கள் எல்லோருமே
அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.
படகுத்துறைப் படிபோல இறங்கிய கோட்டைக்
கோப்பில் செருகினேன்.

இப்போது அந்த மருந்து ஏறி முடிந்து
ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு பாட்டில்.
முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது.
சிஸ்டர் ஹெப்சிபாவின் செல்போனில்
நள்ளிரவு இரண்டு பத்துக்குச் சேவல் கூவும்.
வார்டே திட்டும்.
எல்லாப் பிள்ளைக்கும் இது இல்லை.
கட்டி வேறிடம் பரவியிருந்தால் டாக்டர்
பேனாவை மூடிவிட்டு யோசிப்பார்.

கும்மிடிப்பூண்டி இன்சுவைக்கு மூன்று வயது.
முடியில்லாத தலை, அதனால் பெரிய பொட்டு.
எட்டாயிரத்துக்கு வந்தேன்.
அணில் கத்துகிற பக்கம் அது,
'ஸ்' என்று பாம்பு சொல்கிற பக்கம்.
டப்.
எனக்குச் சந்தேகம்.
சத்தமே கொடுக்காமல் காத்திருந்தேன்.
அவளும் காத்திருந்தாள்,
கட்டையைக் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு,
மூச்சை அடக்கிக்கொண்டு.
மறுபடி அழுத்தினேன்.
டப்.
பிறகு, "பாம்பு!" என்றாள்.

வெளியே பெஞ்சில் அல்போன்ஸ்.
காது மிஷினுக்கு பேட்டரி வாங்க வந்தவன்.
ரிச்சி தெருவில் செல்போன் பிரிக்கிறான்,
மீசை வந்துவிட்டது.
மேசையில் கிடந்த கோட்டைப் பார்த்தான்.
படிக்கத் தெரியும் அவனுக்கு.
"அப்ப இந்த மருந்து இல்லையா, மிஸ்?"

இல்லை என்றேன்.
மேற்கொண்டு சொல்ல இருந்ததெல்லாம்
அவனுக்கு எட்டாத சுருதியில் இருந்தது.

டப்பாவைத் துழாவினான்.
மஞ்சள் கட்டை, ஓரம் தேய்ந்தது.
கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான்.
போட்டான்.

"இது கேக்குது."