நம்பர் பிளேட்டில் பழுத்தது

ஒஹையோவிலிருந்து குடிவந்த மார்சீன்
வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்:
"இந்த ஊர் ஆரஞ்சு எங்கே கிடைக்கும்?"
நான் ஃப்ளோரிடாவில் பிறந்தவன்.
"எங்கேதான் கிடைக்காது" என்று சொல்லிவிட்டேன்.

பெரிய கடையில் மலைபோல் குவித்திருந்தார்கள்.
ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒட்டிய சீட்டைப் படித்தேன்.
கலிஃபோர்னியா. மெக்சிகோ. மொராக்கோ.
உள்ளூர்ப் பழம் கேட்டால்
கடைப்பையன் ஸ்ட்ராபெரியைக் காட்டுகிறான்.

டிசம்பர் பாதி. இருபத்தேழாம் நெடுஞ்சாலையில்
தெற்கே தெற்கே போனேன்.
இரண்டு பக்கமும் சாம்பல் நிறக் குச்சிகள்,
இன்னும் வரிசை கலையாமல்.
எள்ளளவுப் பூச்சி
இலை நரம்பில் இறக்கிவிட்டுப் போன நோய்.
பிறகு புயல். பிறகு ஒரு பலகை:
"ஆரஞ்சுத் தோப்பு நகர். நான்கு படுக்கையறை வீடுகள்."
முன்னால் போன காரின் நம்பர் பிளேட்டில் மட்டும்
இரண்டு பழமும் பூவும்
வாடாமல் இருந்தன.

ஃப்ராஸ்ட்புரூஃப்.
பனி அண்டாது என்று பெயர் வைத்த ஊர்.
பனி வந்தது, போனது.
பூச்சி அண்டாது என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

ஊர் தாண்டி ஒரு தகரக் கொட்டகை.
டெஸ்ஸி ப்ளெட்சோ, ரப்பர் பூட்ஸ்,
வலைக்குள் நாற்பது மரம்.
"ஆளுக்கு ஆறு" என்றாள்
மருந்து அளப்பவள் போல.
விலை கேட்டேன், சொன்னாள்.
மறுபடி கேட்டேன், அதையே சொன்னாள்.
ஏணியிலிருந்து எல்யூதெரியோ சிரித்தான்.
மூன்று மாதப் பறிப்பு இப்போது மூன்று நாளாம்.
மீதி நாளெல்லாம்
அந்த நான்கு படுக்கையறை வீடுகளுக்குக்
கூரை போடுகிறான்.

பையைப் பக்கத்து சீட்டில் வைத்து பெல்ட் மாட்டினேன்.
லேக் வேல்ஸ் வருவதற்குள் ஒன்று, சோதனைக்கு.
விரலிடுக்கில் வழிந்து ஸ்டியரிங் பிசுபிசுத்தது.
புளிப்பு முந்திக்கொண்டு வந்தது,
இனிப்புக்கு அவசரமில்லை.
இரண்டாவது, முதலாவது நிஜம்தானா என்று பார்க்க.
டேவன்போர்ட் சிக்னலில்
மூன்றுக்கும் நான்குக்கும்
காரணம் தேடவில்லை.

மார்சீன் மிச்ச இரண்டையும் உள்ளங்கையில் உருட்டினாள்.
"பச்சையா இருக்கே, பழுக்கலையோ?"
ராத்திரி குளிர்ந்தால்தான் நிறம் ஏறும்,
இங்கே குளிர்வதில்லை
என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
"பிடிக்கலைன்னா கொடுத்துடுங்க" என்று
கை நீண்டுவிட்டது.

அவள் மோந்து பார்த்தாள்.
கொடுக்கவில்லை.